பழைய துணிப் பண்டிகை

முட்டைகள் சோற்றுக் குண்டானில் கிடந்தன.

காலையில் சமையலறைக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது அதுதான். முட்டை அடுக்கும் தட்டைக் காணோம். ஃபிரிட்ஜின் சுவிட்ச் அணைந்திருந்தது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் கோடாக ஓடி, மேசைக் காலைச் சுற்றித் தேங்கியிருந்தது.

"ஃபிரிட்ஜை யாரு ஆஃப் பண்ணது?"

"வேற யாரு, மேஸ்திரிதான்," என்றான் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

மேஸ்திரி என்பது மகளுக்கு அவன் வைத்த பெயர். அவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் எதைப் பழுது பார்க்க உட்கார்ந்தாலும், நடக்கப் பழகிய வயதிலேயே மகள் இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் வந்து நிற்பாள். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் பெயர் போகவில்லை. இடுப்பிலிருந்து கையும் போகவில்லை.

"எங்க அவ?"

"அப்பவே கிளம்பிட்டா. ஒரு பெரிய பை, ஒரு தெர்மாகோல் பெட்டி. நான் கொண்டுவந்து விடறேன்னேன். வேணாம், இடைவேளைக்கு முன்னாடி ஸ்கூலுக்கு வந்தாப் போதும்னுட்டா."

"பைல என்ன?"

"நீதானே டீச்சர். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகளிடம் எதையும் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாப்பிடும்போது மகள் கேட்டாள், "நம்ம வீடு என்ன வீடும்மா?"

பள்ளியில் இது பண்பாட்டு மாதம். விசேஷ நாளில் தன் வீட்டில் என்ன செய்வார்கள் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மேசையில் வைத்துச் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான். இருந்தும் அந்தக் கேள்வி தன் வீட்டுக்கும் வரும் என்று ஏனோ அவளுக்குத் தோன்றவில்லை.

"மனுஷங்க வீடு," என்றாள். வகுப்பில் சொன்னால் எடுபடும் பதில்.

மகள் அதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தாள். "அது எல்லா வீடும்தான்," என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். அவன், "போன் அடிக்குது," என்று எழுந்து போனான். போன் அடிக்கவில்லை.

"சரி. நானே பாத்துக்கறேன்," என்று மகள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதில் தெரியாமல் இல்லை. இரண்டு பதில்கள் இருந்தன, அதுதான் சிக்கல். அவள் பிறந்த வீடு ஒன்று, அவன் பிறந்த வீடு வேறு. கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. உங்கள் வீட்டுப் பண்டிகையும் வேண்டாம், எங்கள் வீட்டுப் பண்டிகையும் வேண்டாம் என்று அப்போது இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். ரொம்ப நியாயமாகப் பட்ட ஒப்பந்தம். மூன்றாவதாக ஒருத்தி வந்து எங்கே உட்காருவது என்று கேட்பாள் என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

"என் மஞ்சள் துவாலை எங்க?" என்று அவன் தேடினான். கிடைக்கவில்லை. வேறு ஒரு துணியை எடுத்து, வழக்கம்போல மூன்றாக மடித்து, ஒரு மூலையை உள்ளே செருகி, உள்ளங்கையில் உறைபோல மாட்டிக்கொண்டு தரையைத் துடைத்தான்.

"தரைத் துணிக்கு மடிப்பு வைக்கிற ஆளை உலகத்துல நான் ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன்," என்றாள் அவள். வழக்கமான கேலி. அவனும் வழக்கம்போலச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"வருவீங்கதானே?"

"ஒரு பில்டிங் இருக்கு. முடிச்சிட்டு வரேன்."

நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு அவள் ஓடினாள்.

*

பெரிய கூடத்தில் பரீட்சை மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு. அதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

போன வருஷம் வரை பண்பாட்டு மாதம் என்றால் மேடைதான். எண்ணிக்கையில் பெரிய கூட்டத்தின் பண்டிகைக்கு ஒரு நாடகம், அடுத்த கூட்டத்துக்கு ஒரு பாட்டு, மிச்சமிருந்த பிள்ளைகளுக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டும் வேலை. ஆசிரியர் கூட்டத்தில் அவள்தான் எழுந்து, "கைதட்டறதுக்குன்னே ஒரு வகுப்பு வச்சிருக்கோம்," என்றாள். வாயைத் திறந்தவள் தலையிலேயே வேலை விழுந்தது.

வாசலில் அவளே எழுதிய பலகை. எல்லா மேசையும் ஒரே அளவு. அதன் கீழே இன்னொரு வரி: எந்த மேசையும் இன்னொரு வீட்டைக் கேலி செய்யக் கூடாது, செய்தால் மேசை எடுக்கப்படும்.

"முதல் வரி நல்லாருக்கு. ரெண்டாவது வரி கொஞ்சம் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு," என்றாள் டிராயிங் மிஸ், பலகையை நிமிர்த்தி வைத்தபடி.

"யாராவது ஒரு பிள்ளை மனசு நொந்து போயிடக் கூடாதில்ல."

"அதுக்கு வரி பத்தாது மிஸ்."

கூட்டம் வந்துவிட்டது. பெற்றோர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் ஓடி, சாய்ந்ததை நிமிர்த்தி, அழுததைச் சிரிக்க வைத்து, தான் நினைத்தது நடக்கிறது என்று ஒரு மூச்சு விடும்போதுதான் இரண்டாவது வரிசைக் கடைசியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அளவுக்கு மீறிய சிரிப்பு.

அவள் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றாள். தலைகளுக்கு நடுவே முதலில் தெரிந்தது மஞ்சள் துவாலை. பிறகு நீலத் தொட்டி, சோப்பு நுரை, முட்டைத் தட்டு, தெர்மாகோல் பெட்டி. அதற்குப் பின்னால், முழங்கையில் கிழிந்த சட்டையோடு, இடுப்பில் கை வைத்து மகள்.

"எல்லார் வீட்லயும் அன்னிக்குப் புதுத்துணி போடுவாங்க. நாங்க இருக்கறதுலயே பழசைப் போடுவோம். கிழிஞ்சிருந்தா இன்னும் விசேஷம்."

சிரிப்பு.

"எல்லார் வீட்லயும் நிறைய சமைப்பாங்க. நாங்க ஃபிரிட்ஜைக் காலி பண்ணிக் கழுவுவோம். மிச்சம் என்ன இருக்கோ அதுதான் சாப்பாடு. கண்ணை மூடிட்டு ஒரு டப்பாவைத் தொடணும். தொட்டது உங்களுக்கு. என்னதுன்னு கேக்கக் கூடாது."

"அது எங்க வீட்ல தினமும்," என்றார் ஒருவர். அவர் மனைவி அவரை முறைத்தாள்.

"அப்புறம் எங்க அப்பா ஐஸைச் சுரண்டி உருண்டை பிடிப்பாரு. எங்க பிடரியில வைப்பாரு. யார் முதல்ல வாயைத் திறக்கறாங்களோ அவங்கதான் முட்டைத் தட்டு கழுவணும். எப்பவும் அம்மாதான். எங்க அம்மா இந்த ஸ்கூல்லதான் டீச்சர்."

கூடமே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. அவள் தூணுக்குப் பின்னால் ஒரு அடி நகர்ந்தாள்.

"எல்லார் வீட்டுக்கும் அன்னிக்கு ஆளுங்க வருவாங்க. எங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. அதனால கதவைத் திறந்து வச்சு, தட்டையெல்லாம் வாசல்லயே காய வைக்கலாம். யாரும் மிதிக்க மாட்டாங்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.

 தனக்குள் எழுந்தது அவமானமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கல்யாணமான முதல் வருஷம். அவள் பிறந்த வீட்டுப் பண்டிகை நாள். தெரு முழுக்கச் சத்தம், அவர்கள் வீட்டுக்குள் மட்டும் சத்தமே இல்லை. அம்மாவிடமிருந்து போன் வரும் என்று காத்திருந்து, வராது என்று தெரிந்த பிறகு, தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரு கறை. அதைத் தேய்க்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. அவன் வந்து பார்த்தான், ஒன்றும் கேட்காமல் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்தான். சில மாதம் கழித்து அவன் வீட்டுப் பண்டிகை வந்தது. அன்று காலையில் அவனே போய் ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்தான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

அழுகைக்கு இடம் கொடுக்காமல் கைக்கு ஒரு வேலை. அவ்வளவுதான் அவளைப் பொறுத்தவரை. ஐஸ் உருண்டை எப்போது வந்தது? டப்பாவைத் தொடும் விளையாட்டை யார் ஆரம்பித்தது? நினைவில்லை. இந்தப் பெண் எல்லாவற்றையும் கோர்த்துப் பண்டிகை என்று பெயர் வைத்துப் பரீட்சை மேசை மேல் வைத்திருக்கிறாள்.

நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாளா? இல்லை, நீங்கள் பதில் சொல்லாததற்கு இது பதில் என்கிறாளா?

*

அதே நேரம் கணவன் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மெஷின் அறையில் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அக்கா.

போன வாரமும் இதே பேர் வந்தது. அன்று கை தானாக அதை அணைத்துவிட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்பா வராததில் அவனுக்கு ஆச்சரியம் இல்லை. அக்கா வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

இந்த முறை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று கேட்டால் தெரியாது.

"எடுத்துட்டியா," என்றது குரல். இத்தனை வருஷம் கழித்து முதல் வார்த்தை.

"வேலைல இருக்கேன்."

"மேலயா, கீழயா?"

"மேல."

"பெல்ட் மாட்டிருக்கியா?"

"மெஷின் ரூம்லக்கா. பெல்ட்டெல்லாம் வேணாம்."

அக்கா என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கமும் அதைக் கவனித்திருக்க வேண்டும். குரல் இளகியது.

"எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு உன் பொண்ணு ஸ்கூல்லதான் படிக்குது. எல்லா வீட்டுப் பழக்கத்தையும் மேசைல வச்சிருக்காங்களாம். யார் வேணாலும் வரலாமாம். உன் பொண்ணும் வச்சிருக்காளாம்."

"எங்களுக்கு என்னக்கா இருக்கு, வைக்கறதுக்கு?"

"அதான் கேக்கறேன். என்ன வச்சிருக்கா? நம்ம வீட்டுதா, அவங்க வீட்டுதா?"

காணாமல் போன துவாலை அவன் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. "எனக்கே தெரியாது," என்றான்.

"வரட்டுமா?"

கீழ்த் தளத்தில் யாரோ லிஃப்டுக் கதவைத் தட்டி, "மெக்கானிக், ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"வேலை இருக்குக்கா," என்று அணைத்தான். சொன்னது வா என்றா, வேண்டாம் என்றா? பிரேக்கை இன்னொரு முறை சரிபார்த்தான். முதல் முறை பார்த்தது சரியாக இருந்ததா என்பதே மறந்துபோயிருந்தது.

*

"டீச்சர், உங்களை எனக்குப் பிடிக்கும். அதனாலதான் நேரா உங்ககிட்டயே வரேன்," என்றாள் பல் டாக்டரம்மா.

பெற்றோர் கமிட்டியின் தலைவி. கூடத்துக்கு வெளியே நடையில் நின்றிருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகள், புது உடுப்போடு அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்திருந்தாள். பக்கத்தில் தலைமை ஆசிரியை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு மேசைக்குப் பக்கத்து மேசை இவளோடது. இவ வாயைத் திறந்து, 'எங்க வீட்ல புதுத்துணி போடுவோம்'னு ஆரம்பிச்சா. அங்க சிரிச்சிட்டிருந்தவங்க அப்படியே இந்தப் பக்கம் திரும்பி, 'ஓ, புதுசா'ன்னு சிரிச்சாங்க. குழந்தை மேசைக்கு அடியில போய் உக்காந்துட்டா. எத்தனை நாளா மனப்பாடம் பண்ணா தெரியுமா?"

"மன்னிச்சுக்கங்க. நான் கவனிக்கல."

"எல்லாரும் புதுசு, நாங்க பழசு. எல்லாரும் சமைக்கறாங்க, நாங்க கழுவறோம். இது என்ன டீச்சர்? பண்டிகை கொண்டாடறவங்களையெல்லாம் முட்டாள்ங்கற மாதிரி இல்ல? உங்க போர்டுலயே எழுதிருக்கே."

"எழுதினது நான்தான்," என்றாள் அவள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னதில் பொய் இல்லை. அழுத குழந்தை கண்ணெதிரே நிற்கிறது.

தலைமை ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் எடுக்கச் சொன்னா, டீச்சர் பொண்ணுன்னு கடுமையா இருந்தேம்பாங்க. விட்டா, டீச்சர் பொண்ணுன்னு விட்டேம்பாங்க. விதி உங்களோடது. இடைவேளை மணி அடிக்கறதுக்குள்ள நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

வேறு பிள்ளையாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? தன்னையே கேட்டுப் பார்த்தாள். வேறு பிள்ளையாக இருந்தால் யாரும் வர மாட்டாங்க என்ற அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் கட்டிப்பிடித்திருப்பாள். தன் பிள்ளை என்பதால்தான் தூணுக்குப் பின்னால் போனாள்.

மகளை மேடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்கு அழைத்துப் போனாள். வலைகளும் பந்துகளும் குவிந்து கிடந்தன.

"இது கேலியா?"

"எது மிஸ்?" பள்ளிக்குள் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் போட்ட விதிதான் அதுவும்.

"உன் மேசை. எங்களைக் கேலி பண்றியா? இல்ல மத்தவங்களையா?"

மகள் யோசித்தாள். சுருக்கமாகப் பொய் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியல மிஸ். ஆரம்பிக்கும்போது கோபமாத்தான் ஆரம்பிச்சேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே சொல்லலயேன்னு. அப்புறம் தொட்டியெல்லாம் எடுத்து வைக்கும்போது..." நிறுத்தினாள். "அது நிஜமாவே நல்ல நாளும்மா. எனக்கு அதுதான் பிடிச்ச நாள். பக்கத்து வீட்ல விளக்கு போட ஆரம்பிச்சாலே, நம்ம ஃபிரிட்ஜ் நாள் வந்துடுச்சுன்னு சந்தோஷமா இருக்கும்."

அம்மா என்று சொன்னதை இருவருமே கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

"அப்ப மத்தவங்க என்ன பண்றாங்கன்னு சொல்லாம, நம்ம பண்றதை மட்டும் சொல்லேன். பழசு போடுவோம், கழுவுவோம், அவ்வளவுதான்."

மகள் உதட்டை அசைத்து மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "வர மாட்டேங்குது. அவங்க கொண்டாடறதாலதானே நம்ம கழுவறோம். அவங்களை எடுத்துட்டா அது வெறும் ஃபிரிட்ஜ் கழுவறதுதான்."

ஆசிரியையாக அவள் எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறாள். இதை எங்கும் சொல்லித் தரவில்லை.

கதவில் நிழல் விழுந்தது. கணவன் நின்றிருந்தான். வேலை உடுப்பு, மார்பில் கிரீஸ் கறை, கையில் கருவிப் பை. வெளியே மேசையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மேஸ்திரி, நீ கொஞ்சம் வெளிய இரு."

மகள் போனாள்.

"எடுத்துடலாம்," என்றான்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"எதிர் மேசைப் பையன் ஒப்பிச்சுக் காட்டினான். 'இவங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க அங்கிள்'னு என்கிட்டயே சொல்றான். வீட்டு விஷயத்தைக் கடை போட்டுக் காட்டணுமா?"

"நானா போடச் சொன்னேன்?"

"நீதானே டீச்சர் எல்லாரையும் மேசை போடச் சொன்னே."

அவளுக்குச் சுருக்கென்றது. "அன்னிக்கு அவ கேட்டப்ப அடிக்காத போனை எடுக்கப் போனது யாரு?"

அவன் கீழே கிடந்த பந்தைக் காலால் உருட்டினான். "நீ சொன்ன பதில் மட்டும் என்ன பதில்? மனுஷங்க வீடாம்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. ஆனால் வரவில்லை.

"பொய் ஒண்ணும் சொல்லல அவ," என்றாள் அவள், மெதுவாக. "யாரும் வர மாட்டாங்கதானே?"

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "எனக்குத் தெரியல," என்றான். இந்தக் கேள்விக்கு அது என்ன பதில் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்க நேரமும் இல்லை. மணி அடிக்கப் போகிறது.

நடையில் டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாமான் அறையிலிருந்து வந்தவள் நேராகப் போய் அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"புதுத்துணி பத்தி எனக்கு மட்டும் சொல்றியா?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு அவள் காதருகே வந்தது. "குத்தும்."

"என்ன குத்தும்?"

"கழுத்துல. புதுசு குத்தும். ஆனா கழட்டக் கூடாது. ஃபோட்டோ எடுத்தப்புறம்தான் கழட்டலாம். ஃபோட்டோல நான் எப்பவும் அழுவேன்."

"இதை நீ மேசைல சொல்லவே இல்லயே."

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "நல்ல விஷயமா சொல்லுன்னேன்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. மகளின் காலருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். அங்கே உண்மையிலேயே தடித்திருந்தது.

தலைமை ஆசிரியை வந்தார். "என்ன முடிவு?"

"அது கேலியா இல்லையான்னு எனக்குத் தெரியல மேடம். தெரியாம எடுக்க முடியாது."

"தெரியாம விடவும் முடியாதே."

"முடியாது. அதனால நான் அந்த மேசைல போய் நிக்கறேன். கேலின்னா நானும் சேர்ந்துதான் பண்றேன்னு வச்சுக்கங்க." ஒருங்கிணைப்பாளர் என்று எழுதியிருந்த பட்டையை மார்பிலிருந்து கழற்றி, பக்கத்தில் வந்து நின்ற டிராயிங் மிஸ்ஸின் கையில் வைத்தாள்.  தான் செய்வது சரியா என்பதும் தெரியாதவற்றில் சேர்ந்துகொண்டது.

"நாளைக்குக் கமிட்டி கூடுது," என்றார் தலைமை ஆசிரியை. "அங்க நீங்கதான் பதில் சொல்லணும். உங்க வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரலாம், சொல்லிட்டேன்."

 டாக்டரம்மா இன்னும் மகளின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மேசையருகே அவளைப் பார்த்ததும் மகள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல புடவை கட்டிருக்கீங்க."

"அதனால?"

"ரூல்ஸ் படி தப்பு." பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "அப்பாதான் கரெக்டா டிரஸ் பண்ணிட்டு வந்திருக்காரு."

கூடத்து வாசலில் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றிருந்த அவன், தன் கிரீஸ் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை அவனும் சிரித்துவிட்டான். கருவிப் பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கையைத் தொட்டிக்குள் விட்டான்.

மகள் மறுபடி ஆரம்பித்தாள். புதுத்துணி, பழைய துணி. சமையல், டப்பா. அவள் புடவை முந்தானையை இடுப்பில் செருகி, கேட்டபடி நின்றாள். இரண்டாம் முறை கேட்கும்போது அத்தனை வலிக்கவில்லை. வேறு மாதிரி வலித்தது.

"எல்லார் வீட்டுக்கும் அன்னிக்கு ஆளுங்க வருவாங்க. எங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. அதனால..."

"வந்தா?"

கேட்டது கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு பெண். நடுவயது. தோளில் துணிப் பை. வெயிலில் நடந்து வந்த முகம்.

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

மகளின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவன் தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"பழைய துணில வந்தா உள்ள விடலாம்," என்றாள் யோசித்து.

அந்தப் பெண் தன் புடவையைப் பார்த்துக்கொண்டாள். "இது போதுமா?"

"கிழிஞ்சிருக்கா?"

ஓரத்தைத் தூக்கி, தைத்திருந்த இடத்தைக் காட்டினாள்.

"சரி, வாங்க."

அந்தப் பெண் பையைக் கீழே வைத்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் வந்தாள். மஞ்சள் துவாலையை எடுத்தாள். மூன்றாக மடித்தாள், ஒரு மூலையை உள்ளே செருகினாள், உள்ளங்கையில் உறைபோல மாட்டிக்கொண்டாள்.

உலகத்தில் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன் என்று காலையில் தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கணவன் பக்கம் திரும்பினாள். அவன் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. தெர்மாகோல் பெட்டிக்குள் கையை விட்டு, மிச்சமிருந்த ஐஸைத் திரட்டி உருட்டி, எம்பி, வந்தவளின் பிடரியில் வைத்தாள்.

அந்தப் பெண் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க, நின்றாள். ஐஸ் தண்ணீர் முதுகில் இறங்கியது.

"அக்கா, குளிரும்," என்றான் அவன்.

மகள் இடுப்பில் கையை வைத்தாள். "முதல்ல வாயைத் திறந்தது அப்பா. முட்டைத் தட்டு அப்பாவுக்கு," என்றாள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அக்காவா? யாருக்கு?"